கணவாயைத் தாண்டாத கட்டுரை

நான் எட்டாப்பு வரைக்கும்தான் படிச்சவன். மேல படிக்கலையேன்னு எனக்கு வருத்தம் கெடையாது. அந்த எட்டு வருசத்துல கத்துக்கிட்டத மறக்கவே எனக்கு நாப்பது வருசம் ஆகிப்போச்சு. பத்தாப்பு வரைக்கும் போயிருந்தா இந்த ஆயுசு பத்தியிருக்காது.

ஆண்டிபட்டியில ஒரு ஆபீஸ் வாசல்ல, வேப்பமரத்தடியில, ஒரு மேசை கெடக்கும். மேசைக்கு ஒரு காலு நொண்டி, அதுக்கு அண்டக்குடுத்து ஒரு செங்கல்லு. அந்த மேசைக்குப் பின்னாடி உக்காந்திருக்குற கெழவன்தான் நான். மனு எழுதிக் குடுக்குறது என் சோலி. பட்டா மாறுதல், முதியோர் பென்சன், ரேசன் கார்டுல பேர் சேக்குறது, பக்கத்துக் காட்டுக்காரன் பொதுப்பாதையில கல்லு நட்டுட்டான்ங்கிறது, எல்லாமே என் பேனா வழியாத்தான் உள்ள போகும். உள்ள போனது திரும்பி வெளிய வருமாங்கிறது என் கையில இல்ல.

எம் பேத்தி இந்த வருசம் பத்தாப்பு. போன வாரம் ஒரு கைடைத் தூக்கிட்டு வந்து மேசை மேல தொப்புன்னு போட்டா. கனத்தப் பாத்ததும் எனக்குச் சந்தோசம், செங்கல்ல எடுத்துட்டு இதையே வச்சுக்கிரலாம்னு.

"சீயான், கட்டுரைக்கு நேரமே பத்தல. மூணு பரீட்சையா முடிவுரைய விட்டுட்டு வந்துர்றேன்"னா.

"எம்புட்டு நேரந்தாயி குடுக்குறாக?"

அவ கணக்குப் போட்டுச் சொன்னா. தமிழ்ப் பரீட்சை 100 மார்க்கு. காலையில 10 மணிக்குக் கேள்வித்தாளு கைக்கு வந்துரும். மொத 10 நிமிசம் அத வாசிக்க மட்டும். அடுத்த 5 நிமிசம் விடைத்தாள்ல இருக்குற விவரமெல்லாம் சரியான்னு பாக்க. பத்தேகாலுக்குப் பேனாவத் தொறந்தா ஒண்ணேகாலுக்கு மூடணும். ஆக 180 நிமிசம். ஒரு மார்க்குக்கு ரெண்டு நிமிசங்கூட முழுசா வராது. எட்டு மார்க்குக் கட்டுரைக்கு மிஞ்சிப்போனா 15 நிமிசம்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆபீசரு பத்து மணிக்கு வந்து உக்காருவாக. ஒம்பதே முக்காலுக்கு மயிலாடும்பாறைப் பக்கமிருந்து ஒரு ஆத்தா மூச்சு வாங்க பஸ்ஸ விட்டு எறங்கி வந்து எம் முன்னால உக்காரும். அந்த 15 நிமிசத்துல கதையக் கேட்டு, மனுவ எழுதி, வாசிச்சுக் காட்டி, கைநாட்டு வாங்கி, வரிசையில நிறுத்தியாகணும். நாப்பது வருசமா தெனமும் எட்டு மார்க்குக் கட்டுரைதான் எழுதிக்கிட்டு இருக்கேன். இது வரைக்கும் எவனும் எனக்கு மார்க்குப் போடல, அது வேற சங்கதி.

"சரி, வாசிக்கிறதுக்குன்னு குடுக்குற அந்தப் பத்து நிமிசத்துல என்ன பண்ணுவ?"

"ஸ்கேல எடுத்து வைப்பேன். பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாப்பேன். மத்தவளுக மூஞ்சியப் பாப்பேன்."

"அவளுக?"

"எம் மூஞ்சியப் பாப்பாளுக."

இதுல கேள்வித்தாளத் தவிர எல்லாத்தையும் பாத்தாச்சு. அப்பு, ராசா, தாயி, கேட்டுக்கங்க. 1984-ல எம்.ஜி.ஆரு அமெரிக்காவுல ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரு. ஊருப்பக்கம் வராமலே இந்த ஆண்டிபட்டித் தொகுதியில ஜெயிச்சாரு. அது அவருக்கு. கேள்விப்பக்கம் போகாமலே ஜெயிக்கிறதுக்கு நீ எம்.ஜி.ஆரு இல்ல.

கேள்விய வாசிக்காததால வர்ற கேடு என்னன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அத மொதல்ல செஞ்சவன் நான்தான். மேசை போட்ட புதுசு. வருசநாட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவரு வந்தாரு. நான் என் எட்டாப்புத் தமிழையெல்லாம் எறக்கி, சமூகத்துக்கும் சன்னிதானத்துக்கும் கும்பிடு போட்டு, அவரு குடும்பம் பஞ்சத்துல பட்ட பாட்டையெல்லாம் பத்தி பத்தியா எழுதி ரெண்டு பக்கத்துக்கு ஒரு மனு போட்டேன். வாசிச்சுக் காட்டுனப்ப அந்த மனுசன் அழுதுட்டாரு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. உள்ள போனவரு அஞ்சு நிமிசத்துல வெளிய வந்தாரு. ஆபீசரு ஒரே ஒரு வார்த்தை கேட்டாகளாம்: "எல்லாம் சரி, இவருக்கு என்ன வேணும்?"

அது மனுவுல இல்ல. கிணத்துக்கு மின் இணைப்புக்காக ஒரு சான்று கேட்டு வந்த ஆளு அவரு. அத எழுத மறந்துட்டேன். அன்னிக்கு அவரு பஸ் காசும் ஒருநாள் கூலியும் போச்சு. நான் காசு வாங்கல. வாங்கியிருந்தாலும் செரிச்சிருக்காது.

அன்னையிலருந்து எனக்கு ஒரே சட்டம். யாரு வந்து உக்காந்தாலும், கதை கொள்ளுத்தாத்தா காலத்துலருந்து ஆரம்பிச்சாலும், நான் பேனாவத் தொறக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பேன்: "கடைசியா ஒனக்கு என்னதான் வேணும்?" அது தெரிஞ்சா மனு எட்டு வரிதான்.

பரீட்சைக் கேள்வியும் அந்த மாதிரி ஒம் முன்னால வந்து உக்காந்திருக்குற ஒரு ஆளு. அவனுக்கு என்ன வேணும்னு கேளு. "காரணங்களை விளக்கு"ன்னா ஒரு காரணம் பத்தாது, ரெண்டு மூணு வேணும். "ஒப்பிடு"ன்னா ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தணும்; ஒருத்தரப் புகழ்ந்துட்டு இன்னொருத்தர வாசல்ல நிக்கவிடக் கூடாது. "உன் கருத்து என்ன"ன்னா ஒன் கருத்து. கைடு போட்டவரு கருத்து இல்ல. "குறிப்புகளைக் கொண்டு"ன்னு அஞ்சு குறிப்புக் குடுத்திருந்தா அஞ்சையும் தொடணும். நம்ம ஆளுக என்ன பண்றாங்கன்னா, பட்டணத்துக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டப்பாக்கு வெல சொல்லிட்டு, அதையும் அழகாச் சொல்லிட்டு, மார்க்கு ஏன் வரலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாங்க.

பசுமாட்டப் பத்திக் கேட்டதுக்கு, மனப்பாடம் பண்ணுன தென்னமரக் கட்டுரைய எழுதி அந்த மரத்துல மாட்டக் கட்டுன பய கதை ஊரு ஒலகத்துக்கே தெரியும், அத நான் சொல்லப்போறதில்ல. நம்ம ஊருல நடந்தது வேற. எம் பேத்தி வகுப்புல பொருட்காட்சிக்குப் போனதப் பத்திக் கட்டுரை. அவளும் அவ சேக்காளிகளும் எழுதுன தாளுகள வாங்கி ஒண்ணொண்ணா வாசிச்சேன். அத்தனை பேரும் சென்னைத் தீவுத்திடலுக்குப் போயிருக்காங்க. ஒரே நாளு, ஒரே நேரம். அத்தனை பேரும் மாமா கூடத்தான் போயிருக்காங்க. ஒரே அரங்கத்துக்குள்ள நொழைஞ்சு, ஒரே பெரிய அப்பளத்தத் தின்னு, "நேரம் போனதே தெரியவில்லை"ன்னு ஒரே மாதிரி வீடு திரும்பியிருக்காங்க. இதுல பாதிப் புள்ளைக ஆண்டிபட்டிக் கணவாயத் தாண்டி உசிலம்பட்டி பாத்ததில்ல.

"ஏ புள்ள, நீ சென்னைக்கு எப்ப போன?"

"போகல சீயான். கைடு போயிருக்கு."

வீரபாண்டியில கௌமாரியம்மன் கோயிலுக்குச் சித்திரைத் திருவிழாவுக்கு வருசந்தவறாமப் போறா. ராட்டினத்துல ஏறி வாந்தி எடுத்திருக்கா. வளையல்கடையில பேரம் பேசி அஞ்சு ரூவா கொறச்சிருக்கா. தீச்சட்டி எடுக்குற கூட்டத்துல செருப்பத் தொலைச்சுட்டு வெறுங்காலோட வந்திருக்கா. பொருட்காட்சிங்கிறது என்ன? கடை, கூட்டம், ராட்டினம், தீனி, அரசாங்கத் துறை அரங்கம் நாலு. முதல் நாலும் அவளுக்கு மனப்பாடம் பண்ணாமலே வரும். அத விட்டுட்டுக் காணாத தீவுத்திடல ஒப்பிக்கிறா. ஒப்பிக்கும்போது நடுவுல ஒரு வரி மறந்துச்சு, அம்புட்டுத்தான். தண்டவாளத்துல கல்லு விழுந்த மாதிரி நின்னுரும். "அடுத்து என்ன, அடுத்து என்ன"ன்னு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு நாலு நிமிசம். நேரம் பத்தலைன்னு சொல்றாளே, அந்த நேரம் போன எடம் அதுதான். எழுதப் பத்தாததில்ல, நெனவுக்குக் கொண்டு வரப் பத்தல.

அப்ப மனப்பாடமே வேண்டாமா சீயான்னு கேக்காதீக. சக்கம்பட்டியில போய் ஒரு தறிக்காரரக் கேளுங்க. பாவு முன்னாடியே ஓட்டி வச்சிருப்பாரு. பாவு இல்லாமத் தறியில உக்காந்தா எத நெய்யிறது? ஆனா ஊடைக்கு என்ன நெறம், எங்க கரை, எங்க பூவுங்கிறது கேக்குற ஆளப் பொறுத்து. பாவு மனப்பாடம், ஊடை அப்பப்ப. நாலு குறளு, ரெண்டு பழமொழி, பத்துத் தகவலு, வருசம், பேரு, இதெல்லாம் பாவு. இத மண்டையில ஏத்திக்க. ஆனா முழுச் சேலையையும் முன்னாடியே நெய்து, மடிச்சு, பெட்டியில போட்டுட்டுப் பரீட்சைக்குப் போகாத. அவன் வேட்டி கேட்டுட்டா என்ன செய்வ?

கேட்ட எடத்துலயே நெய்யிற இது இன்னிக்கு நேத்து வந்த வித்தையில்ல. நம்ம தமிழுல கவிகள நாலு சாதியாப் பிரிச்சாக: ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம். கேட்ட ஒடனே, கேட்ட பொருளுல பாடுறவன் ஆசுகவி. நீங்க "டைம் வச்சு எழுதுறது"ன்னு இப்பச் சொல்றீகளே, அதுதான். காளமேகப் புலவரு கதை கேட்டிருப்பீக. திருமலைராயன் சபையில எமகண்டம்னு ஒரு பரீட்சை. கீழ நெருப்பு, மேல தொங்குற உறியில புலவரு. சுத்தி இருக்குறவுக கண்டமேனிக்குக் கேப்பாக, அவரு ஒடனே பாடணும். செருப்புல ஆரம்பிச்சு வெளக்கமாத்துல முடின்னு ஒருத்தன் கேட்டான்னும், அதையும் முருகன் மேலயே பாடிட்டாருன்னும் சொல்லுவாக. கதைதான். ஆனா அந்தக் கதையில ஒரு சூட்சுமம் இருக்கு. செருப்புக்கும் வெளக்கமாத்துக்கும் பாட்டு அவரு வீட்டுலருந்து கட்டிக்கிட்டு வந்திருக்க முடியுமா? வெண்பாவோட கட்டு கையில இருந்துச்சு. சரக்க அங்கனயே போட்டாரு.

ஒங்க பத்தாப்புப் புத்தகத்துலயே ஒருத்தரு இருக்காரு, சதாவதானி செய்குதம்பிப் பாவலரு. நாஞ்சில் நாட்டு இடலாக்குடிக்காரரு. 1907 மார்ச் 10-ல சென்னை விக்டோரியா அரங்கத்துல, அறிஞருங்க முன்னால, நூறு காரியத்த ஒரே நேரத்துல கவனிச்சுச் செஞ்சு காட்டுனாரு. அவரப் பத்தி ஒரு மார்க்குக்கு விடை எழுதிட்டு, அடுத்த கேள்வியில "நேரம் பத்தல"ன்னு அழுதா அந்த மனுசன் என்ன நெனப்பாரு?

சரி, நேரத்துக்கு வருவோம். நேரத்தப் பத்திப் பேச நம்ம ஊருக்காரனுக்கு யோக்கியத உண்டு, ஏன்னா நாம அணைக்குப் பக்கத்துல குடியிருக்கோம். வைகை அணைக்கு முழுக் கொள்ளளவு 71 அடி. தண்ணி 66 அடிக்கு ஏறுனா மொத வெள்ள எச்சரிக்கை. 68.5-ல ரெண்டாவது. 69-ல மூணாவது. கவனிச்சீகளா? மொதலுக்கும் ரெண்டாவதுக்கும் எடையில ரெண்டரை அடி. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் எடையில அரை அடிதான். 71 வந்த பெறகு சங்கு ஊதி என்ன பிரயோசனம்? ஆத்தோரத்துல இருக்குறவன் பாயச் சுருட்டுறதுக்குள்ள தண்ணி வந்துரும்.

பரீட்சையும் அதேதான். மொத ரெண்டு மணி நேரம் தண்ணி பைய ஏறுற மாதிரி இருக்கும். கடைசி அரைமணி திபுதிபுன்னு ஏறும். அதனால எம் பேத்திக்கு நான் எச்சரிக்கை அடி குறிச்சுக் குடுத்தேன். ஒரு மார்க்குக் கேள்வி பதினஞ்சும் 10.25-க்குள்ள. ரெண்டு மார்க்கு ஒம்பதும் 10.55-க்குள்ள. மூணு மார்க்கு ஆறும் பதினொண்ணரைக்குள்ள. அஞ்சு மார்க்கு அஞ்சும் பன்னெண்டேகாலுக்குள்ள. எட்டு மார்க்கு மூணும் சரியா ஒரு மணிக்குள்ள. மிச்சம் 15 நிமிசம் திரும்பிப் பாக்க. இதுல ஏதாச்சும் ஒண்ணு தாண்டுனா அதுதான் மொத எச்சரிக்கை. எழுதிக்கிட்டு இருக்குற பதில அந்த வரியோட முடிச்சுட்டு, கீழ நாலு வரி எடம் விட்டுட்டு, அடுத்ததுக்குப் போயிரு. ஒரு ரெண்டு மார்க்க அலங்காரம் பண்ணப் போயி ஒரு எட்டு மார்க்க ஆத்தோட விடுறது வெவசாயியோட புத்தி இல்ல. தலைமடைக்காரன் பூராத் தண்ணியையும் பாச்சிக்கிட்டா கடைமடை காஞ்சுதான் போகும். கட்டுரை ஒன் கடைமடை. மொறை வச்சுப் பாச்சு.

கூடுதலா நேரம் கெடைக்கும்னு மட்டும் நெனைக்காத. மதுரை-போடி ரயிலு அகலப்பாதை ஆக்குறதுக்காக 2010 கடைசியில நின்னுச்சு. நம்ம ஊரு வழியாத் தேனிக்கு மறுபடி ரயிலு வந்தது 2022 மே மாசம். போடிக்குப் போய்ச் சேந்தது 2023. கணவாயில பாறைய ஒடைச்சு ஒடைச்சுப் பொறுமையா வந்தாக. அந்த மாதிரிக் கூடுதல் நேரம் தண்டவாளத்துக்குக் கெடைக்கும். ஒனக்குக் கெடைக்காது. ஒண்ணேகாலுக்கு மேற்பார்வை பாக்குற டீச்சரம்மா வந்து தாளப் புடுங்கிரும்.

ஒத்தக் கட்டுரைக்குள்ள அந்த 15 நிமிசத்த எப்படிப் பங்கு வைக்கிறது? நான் மனுவுக்கு வைக்கிற பங்குதான். ரெண்டு நிமிசம் கேக்குறதுக்கு. ரெண்டு நிமிசம் ஓரத்துல நாலு சொல்லு குறிச்சுக்கிறதுக்கு. அந்த நாலும் உள்தலைப்பு ஆயிரும். பத்து நிமிசம் எழுதுறதுக்கு. ஒரு நிமிசம் வாசிச்சுப் பாக்குறதுக்கு. குறிச்சுக்கச் சொன்னா நம்ம புள்ளைகளுக்குக் கோவம் வருது. "அதுல ரெண்டு நிமிசம் போகுமே சீயான்!" போகும். கிணறு வெட்டுறதுக்கு முன்னாடி நீரோட்டம் பாக்குறவனுக்கு ஒரு தேங்காயும் அரை நாளும் போகும். பாக்காம வெட்டுனவனுக்குத் தோட்டமே போகும்.

முன்னுரைன்னு ஒண்ணு இருக்கு. "மனிதன் தோன்றிய காலம் முதல்..."னு ஆரம்பிக்கிறது ஒரு வியாதி. சுற்றுச்சூழல் கேட்டாலும் மனுசன் தோன்றுறான், நூலகம் கேட்டாலும் தோன்றுறான், சாலைப் பாதுகாப்புக்கும் அவனே வந்து தோன்றுறான். பாவம், அவன் தோன்றி முடிக்கிறதுக்குள்ள அரைப்பக்கம் முடிஞ்சிருது. முன்னுரைங்கிறது வீட்டுத் திண்ணை. செத்த உக்காந்து செருப்பக் கழட்டிட்டு உள்ள போற எடம். திண்ணையிலயே பாயப் போட்டுப் படுத்துட்டா உள்ள சமைச்சு வச்ச சோறு யாருக்கு? மூணு வரி. முடிவுரையும் மூணு வரி. அதுல புதுச் சங்கதி கொண்டு வராத. சொன்னதுலருந்து என்ன தெரியுதுன்னு சொல்லிட்டு எந்திரி.

"நெறைய எழுதுனா நெறைய மார்க்கு"ன்னு ஒரு வேதம் ஊருக்குள்ள ஓடுது. இத நான் பொய்யின்னு சொல்ல மாட்டேன், எனக்கு வயசாச்சு. பேத்தி செல்போன்ல தேடிக் காட்டுனா. அமெரிக்காவுல காலேசுல சேர சாட்டுன்னு ஒரு பரீட்சை. 2005-ல அதுல 25 நிமிசக் கட்டுரை ஒண்ணச் சேத்தாக. எம்.ஐ.டி.ங்கிற பெரிய படிப்பு நடக்குற எடத்துல லெஸ் பெரல்மன்னு ஒரு வாத்தியாரு, மாதிரிக் கட்டுரைகள எடுத்து எண்ணிப் பாத்திருக்காரு. எம்புட்டு நீளமோ அம்புட்டு மார்க்கு! அவரு போட்ட கூச்சலுக்கு அங்க ஊரே திரும்பிப் பாத்துச்சு. 2016-ல அந்தக் கட்டுரைய விருப்பப்பட்டா எழுதுன்னாக, 2021-ல எடுத்தே போட்டாக. நம்ம ஊரு வேதம் கடல் தாண்டிப் போயி அங்க மாட்டிக்கிட்டுருக்கு.

அதுக்கும் முன்னாடி சீனாவுல. ராசா காலத்துல அதிகாரி ஆகணும்னா எட்டுக்கால் கட்டுரைன்னு ஒண்ணு எழுதணும். எட்டுப் பகுதி, இன்ன பகுதியில இன்ன மாதிரித்தான் வரணும்னு கண்டிசன். ஆளுகள ஒத்தை ஒத்தைச் சின்ன அறையில அடைச்சுப் போட்டு நாள்கணக்கா எழுத விடுவாக. நூத்துக்கணக்கான வருசம் அந்தப் பூச்சி உயிரோட இருந்துச்சு. 1905-ல அந்தப் பரீட்சையவே மூட்ட கட்டிட்டாக. வடிவம் மட்டும் வளந்து உள்ள சங்கதி செத்துட்டா, எட்டுக் கால் இருந்தாலும் நடக்காதுங்கிறதுக்கு அது சாட்சி.

நம்ம ஊருலயும் தாள நெறச்சவனுக்கு ஒண்ணு ரெண்டு மார்க்கு சிந்தும், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த ஒண்ணு ரெண்டுக்காக நீ செலவழிச்ச பத்து நிமிசத்துல ஒரு அஞ்சு மார்க்குக் கடிதம் போயிருக்கும். வாரச்சந்தையில ஆட்ட வித்துட்டுக் கயித்துக்குப் பேரம் பேசுற கதைதான்.

கடிதம்னதும் நெனப்பு வருது. என் சொந்தத் தொழிலு, அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். ஓட்டல்ல சாப்பாடு மட்டம், வெலையும் ஜாஸ்தின்னு உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீடு எழுதச் சொல்லி ஒங்க பாடத்துல இருக்கு. புள்ளைக என்ன எழுதுது? ஓட்டல் பேரு இல்ல, போன தேதி இல்ல, பில்லு நம்பர் இல்ல. "உணவு நன்றாக இல்லை, ஆவன செய்யுமாறு" அப்படின்னு ஒரு வரி. அனுப்புநரு, பெறுநரு, பொருளு எல்லாம் போட்டுட்டுக் கடைசியில உறைமேல் முகவரிய விட்டுருது. மனுவுல செல் நம்பர் எழுத மறந்த ஆளு மாதிரி. வேல முடிஞ்சாலும் யாருக்குச் சொல்றது? முறையீடுன்னா என்ன நடந்துச்சு, எப்ப, எங்க, சாட்சி என்ன, நீ கேக்குறது என்ன. அஞ்சு சங்கதி. அஞ்சு மார்க்கு. கணக்கு நேராத்தான இருக்கு?

இதையெல்லாம் பத்தாப்புப் புள்ளைகளுக்குத்தான் சொல்றேன்னு பெரியவுக யாரும் நழுவாதீக. எங்க அண்ணன் பேரன் அரசாங்க வேலைக்கான குரூப் 2 பரீட்சைக்குப் படிக்கிறான். நாலு வருசமா லைப்ரரியில அவன் உக்காந்த நாற்காலிக்கே பாதி இந்திய வரலாறு தெரியும். மெயின்ஸ்ல தமிழ்த் தகுதித்தாளுன்னு ஒண்ணு. மொழிபெயர்ப்பு, சுருக்கி எழுதுறது, குறிப்ப விரிக்கிறது, திருக்குறள் கட்டுரை, கடிதம். 100-க்கு 40 எடுக்கணும். எடுக்கலைன்னா இன்னொரு தாளத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டாக. "தமிழ்தானே சீயான், பாத்துக்கலாம்"னான். பாத்துக்கிட்டான். சுருக்கி எழுதச் சொன்ன எடத்துல விரிச்சு எழுதியிருக்கான். வீட்டுலயும் அவன் அப்படித்தான், ஒரு டம்ளர் தண்ணி கேட்டா முல்லைப் பெரியாத்து வரலாறு சொல்லுவான்.

அவனுக்கும் மேல கலெக்டர் கனவு காணுற புள்ளைக இருக்கு. அவுகளுக்கு 3 மணி நேரத்துல ரெண்டு கட்டுரை, ஒண்ணொண்ணும் ஆயிரம் சொல்லுக்கு மேல, ரெண்டும் சேத்து 250 மார்க்கு. கடிவாளம் நீளமே ஒழிய குதிரை அதேதான். ஒண்ணரை மணி நேரத்துல மொத இருவது நிமிசம் பேனாவ மூடி வச்சு யோசிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் மிச்ச நேரம் வேல செய்யும்.

எம் பேத்திக்கு நான் என்ன பண்ணேன்னா, கைடைப் புடுங்கி மேசைக்கு அண்டக்குடுத்தேன். தெனமும் சாயங்காலம் ஒரு தலைப்புச் சொல்லுவேன். எதுலயும் அச்சடிக்காத தலைப்பு. "நம்ம தெருவுல தண்ணி வர்ற நாள்." "முருங்கக்கா வெல விழுந்தா எங்க வீட்டுல என்ன நடக்கும்?" "செல்போன் இல்லாத ஒருநாள் நல்லதா கெட்டதா, காரணத்தோட சொல்லு." சொல்லிட்டு என் பழைய வாட்சக் கழட்டி முன்னால வச்சிருவேன். மொத நாளு 26 நிமிசம் ஆச்சு, மூஞ்சி செவந்து போச்சு. எழுத்து கோழி கிளறுன மாதிரி இருந்துச்சு. நான் வையல. சிவப்பு மை தொடல. ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "இந்தத் தலைப்புக்கு என்ன வேணும்? நீ குடுத்தியா?" அவளே வாசிச்சா. அவளே ஒரு பத்தியக் கோடு போட்டு அடிச்சா. அம்புட்டுத்தான் என் வாத்தியாரு வேல.

வாத்தியாருமாருக்கும் டீச்சருமாருக்கும் ஒரு மனு போடுறேன், இதுக்குக் கூலி வேண்டாம். பொருள்: வாரத்துக்கு ஒரு கால் மணி நேரம் வேண்டி. ஐயா, அம்மா, ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்து மார்ச்சுல பரீட்சை வர்றதுக்குள்ள லீவெல்லாம் போக முப்பது வாரம் தேறும். வாரம் ஒருநாளு, புத்தகத்துலயும் கைடுலயும் இல்லாத ஒரு தலைப்பு, 15 நிமிசம், கடிகாரம் பாத்து. எல்லாத்தையும் திருத்த வேண்டாம், ஒங்களுக்கு வேற சோலி ஆயிரம் இருக்கு. பக்கத்துப் புள்ளைக்கு மாத்திக் குடுத்து, "கேட்டதுக்குப் பதில் இருக்கா?"ன்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க. கூட்டிப் பாத்தா வருசத்துக்கு ஏழரை மணி நேரம். ஏழரைன்னதும் பதறாதீக. நம்ம ஊருல புடிச்சா நல்லது செய்யுற ஏழரை இது ஒண்ணுதான். பெத்தவுகளுக்கும் ஒரு வார்த்தை: புள்ள எழுதுறப்ப பக்கத்துல நின்னு "சீக்கிரம், சீக்கிரம்"னு சொல்லாதீக. அவசரம் அதுக்கே தெரியும். நிதானத்தத்தான் நாம சொல்லிக் குடுக்கணும்.

நேத்து அவளுக்குக் குடுத்த தலைப்பு, "நான் போன பொருட்காட்சி". பழையபடி சென்னைக்கு ரயிலு ஏறுவான்னு பாத்தேன். வீரபாண்டிக்குப் போயிட்டு வந்துட்டா, வெறுங்காலோட. 14 நிமிசம். முடிவுரையும் இருந்துச்சு.